பெற்றதைக் கையளியுங்கள்



1992-ல் ஏ. ஆர். ரஹ்மான் 'ரோஜா' படத்துக்குத் தம் வீட்டோடு சேர்ந்த ஒலிப்பதிவுக் கூடத்திலேயே இசையமைத்தார். இன்று மதுரையிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டில் இசைப்பதிவு செய்யும் வாலிபர் உண்டு. வாசிப்பவன் ஒருவன், ஒலிப்பதோ மூன்று நான்கு சிந்தசைசர்கள். எப்படி? 1983-ல் வெளிவந்த 'மிடி' என்னும் முறையினாலே. அதன் கம்பியில் செல்வது நாதமல்ல. இந்தச் சுரத்தை எழுப்பு, இதை நிறுத்து என்னும் கட்டளையே.

வாத்தியத்தின் பின்புறம் வழக்கமாக மூன்று துவாரங்கள் இருக்கும். 'இன்' கட்டளையை வாங்கும்; 'அவுட்' தன் கட்டளையை அனுப்பும்; 'த்ரூ' வாங்கியதைக் கூட்டாமல் குறைக்காமல் அடுத்த வாத்தியத்துக்குக் கொடுக்கும். இப்படிச் சங்கிலியாய் இணைத்தவற்றில் நடுவிலுள்ளதை அணைத்தால், பின்னுள்ளவை ஊமையாகும். அவற்றில் பழுதில்லை; கட்டளைதான் வந்து சேரவில்லை.

பெற்றோரே, சிந்தியுங்கள். தாம் பெற்றுக்கொண்டதையே கையளித்ததாக அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதுகிறார். உங்கள் தாய் தந்தையர் கற்பித்த செபம் உங்களோடு நின்றுவிட்டதா? பிள்ளைக்குப் பக்தியில்லை என்று முறையிடுமுன், நடுவில் அணைந்திருப்பது யாரென்று பாருங்கள்.

சங்கிலி நீண்டால் கட்டளை சிதையும். ஆகவே அதைப் பல கிளைகளாய்ப் பிரித்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நேரே தரும் 'த்ரூ பெட்டி'யும் உண்டு. அப்போது ஒன்று அணைந்தாலும் மற்றவை ஒலிக்கும். சர்வேசுரனும் ஒவ்வோர் ஆத்துமத்தோடும் நேரே பேச வல்லவர். ஆனாலும் பிள்ளைகளை உங்கள் கையிலல்லவோ ஒப்புவித்தார்?

இன்றிரவே அவர்களைக் கூட்டி முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லுங்கள்.