படிப்புக்கு வேணும்மா

போன செமஸ்டர் லீவில் என் பழைய லேப்டாப் ஒரேயடியாக நின்றுபோனது. மூன்றாம் ஆண்டு தொடங்க மூன்று வாரம்தான் இருந்தது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு லேப்டாப் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. ஜாசின் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து மலாக்கா டவுனுக்குப் போய், ரெண்டு மூனு கடை ஏறி இறங்கி, கடைசியில் ரெண்டு மாடலை எழுதிக்கொண்டு வந்தேன்.

முதலாவது: கோர் ஐ5, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. விலை 2,500 ரிங்கிட். இரண்டாவது: கோர் ஐ7, அதே ரேம், அதே எஸ்எஸ்டி, கூடவே ஆர்டிஎக்ஸ் 4050 கிராஃபிக்ஸ் கார்டு. விலை 4,200 ரிங்கிட். வித்தியாசம் 1,700.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“படிப்புக்கு எதுய்யா வேணும்?”

“ரெண்டாவதும்மா. படிப்புக்கு வேணும்.”

“அப்ப அதையே வாங்கிக்க.”

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் அது என்னை உறுத்தியது. நான் அதிகம் பயன்படுத்துவது சாலிட்வொர்க்ஸ். அதற்கு 16 ஜிபி ரேம் வேண்டும். அது ரெண்டு லேப்டாப்பிலும் இருக்கிறது. பாகங்களை வரையும்போது பெரும்பாலும் ஒரு கோரின் வேகம்தான் முக்கியம். மாணவர் வரைகிற அளவுக்கு ஐ5 தாராளமாகப் போதும். சாலிட்வொர்க்ஸுக்கென்று சோதித்து அங்கீகரித்த கிராஃபிக்ஸ் கார்டுகளும் வேறு ரகம். கேம் விளையாடுவதற்கென்று வரும் கார்டுகள் அந்தப் பட்டியலில் இல்லை. பெரிய சிமுலேஷன் வந்தால் டுரியான் துங்காலில் எங்கள் பல்கலைக்கழக லேப் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் கார்டு எனக்கு எதற்கு என்று எனக்கே நல்லா தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஹாஸ்டலில் பசங்களோடு கேம் விளையாடத்தான்.

இது எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. பிரச்சனையே அங்கேதான்.

1,700 ரிங்கிட் என்பது 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம். அம்மா செம்பனைக் காட்டில் உரம் போட்டு, உதிரிப்பழம் பொறுக்கி, ஒரு மாதம் முழுக்க வேலை செய்தால் கிடைப்பதும் அதுதான். ஆனால் இந்தப் பணம் சம்பளத்திலிருந்து வரப்போவதில்லை. அம்மாவின் இபிஎப் கணக்கிலிருந்து வரப்போகிறது. 2024 மே மாதத்திலிருந்து இபிஎப் மூன்று கணக்காகப் பிரிந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாவது கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்கும் பணம் எடுக்கலாம். மாதச் சந்தாவில் 10 விழுக்காடுதான் அதில் சேரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,700 ரிங்கிட் சம்பளத்துக்கு தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு, மொத்தம் 408 ரிங்கிட். அதில் மூன்றாம் கணக்குக்குப் போவது சுமார் 41 ரிங்கிட். அப்படியென்றால் ரெண்டு லேப்டாப்புக்கும் உள்ள வித்தியாசம், அம்மா ஏறக்குறைய மூன்றரை வருஷம் சேர்க்க வேண்டிய பணம்.

நம் இளைஞர் வகுப்பில் பதஞ்சலி சொன்ன ஐந்து யமங்களைப் படித்திருக்கிறோம்: அகிம்சை, சத்தியம், அஸ்தேயம், பிரம்மசரியம், அபரிக்கிரகம். லேப்டாப் விஷயத்தை நான் முதலில் அபரிக்கிரகத்தோடு சேர்த்துத்தான் யோசித்தேன். தேவைக்கு மேல் ஆசைப்படக் கூடாது, அவ்வளவுதானே? ஆனால் யோசிக்க யோசிக்க, அது என்னை உறுத்தவில்லை என்று புரிந்தது. கேம் விளையாட ஆசைப்படுவது ஒன்றும் பாவம் இல்லை. என்னை உறுத்தியது சத்தியமும் அஸ்தேயமும்தான். அம்மா பணம் கொடுக்கச் சம்மதித்தது ‘படிப்பு’ என்ற வார்த்தைக்கு. அந்த வார்த்தையைக் காட்டி வேறொன்றை வாங்கினால், அவர் மனசாரக் கொடுத்ததாக எப்படிச் சொல்வது? கேட்டு வாங்கினாலும் அதில் கொஞ்சம் திருட்டு கலந்திருக்கிறது.

இதை என் ரூம்மேட்டிடம் சொன்னபோது அவன் கோபப்பட்டான். “பணக்கார வீட்டுப் பையன் இப்படி உட்கார்ந்து யோசிச்சுட்டா வாங்குறான்? தோட்டத்துப் பிள்ளைங்க மட்டும் எல்லாத்துக்கும் கணக்கு சொல்லணுமாடா?”

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை குறைந்ததில் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும் என்று யாராவது தத்துவம் பேசினால் நானும் சண்டைக்குத்தான் போவேன். நம் தாத்தா பாட்டி காலத்தில் அப்படிச் சொல்லிச் சொல்லியே நிறைய பேரை லயத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் நான் பேசுவது குறைந்ததை வாங்குவது பற்றி இல்லை. பணக்காரப் பையன் அப்பாவிடம் பொய் சொல்லி வாங்கினாலும் அதே தப்புதான். அவன் அப்பாவுக்கு இழப்பு தெரியாது. என் அம்மாவுக்கு மூன்றரை வருஷம். அதுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் நடந்தது. குற்ற உணர்ச்சியில் நான் மறுபக்கம் சாய்ந்தேன். கடையில் 1,800 ரிங்கிட்டுக்கு 8 ஜிபி ரேமில் ஒன்று இருந்தது. பிறகு ரேம் கூட்டவும் முடியாத ரகம். “அது போதும், அம்மாவுக்குச் செலவு வைக்க வேண்டாம்” என்று நினைத்தேன். அதுவும் நேர்மை இல்லை. ரெண்டு வருஷம் படிப்பு இழுத்துக்கொண்டு போகும், கடைசியில் இன்னொன்று வாங்கச் சொல்லும். நல்ல பிள்ளை என்று எனக்கே காட்டிக்கொள்ள, அம்மாவின் 1,800ஐ வீணாக்கியிருப்பேன். என் அத்தை மகள் செயற்கை நுண்ணறிவு படிக்கிறாள். மாடல்களைப் பயிற்றுவிக்க அவளுக்கு அந்த ஆர்டிஎக்ஸ் கார்டு உண்மையிலேயே வேண்டும். அவள் 4,200 கேட்டால் அது சரியான கேள்வி. ஆக, எந்த லேப்டாப் தர்மம் என்று விலைப்பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மறுநாள் காலை, அம்மா வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் சொன்னேன். “அம்மா, படிப்புக்கு முதலாவதே போதும். ரெண்டாவது கேம் விளையாடத்தான் கேட்டேன்.”

திட்டுவார் என்று நினைத்தேன். பூட்ஸை மாட்டிக்கொண்டே, “இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல” என்றார். கொஞ்சம் கழித்து, “விளையாடணும்னா வேல கெடச்சதும் நீயே வாங்கிக்க” என்றார்.

2,500 ரிங்கிட் லேப்டாப்தான் வாங்கினோம். பசங்க விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். பொறாமை இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

நம்மில் பலர் அப்பா அம்மா பணத்திலோ பிடிபிடிஎன் கடனிலோதான் படிக்கிறோம். நமக்குத் தெரிந்த தொழில்நுட்பம் வீட்டில் யாருக்கும் தெரியாது. நாம் ‘வேணும்’ என்றால் அவர்களுக்கு அது வேதவாக்கு. அதனால் எதையாவது கேட்பதற்கு முன்னால் இதை யோசித்துப் பாருங்கள்: எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுக்கும் தெரிந்திருந்தால், இதே வார்த்தையை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேனா?

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் தாத்தாவின் பால்மரம் சீவும் உளியை இன்றும் எடுத்து வைப்போம். அதற்குப் பக்கத்தில் இந்த லேப்டாப்பையும் வைத்தேன். அம்மா சந்தனத்தைக் குழைத்து வந்து, “எங்க வைக்கிறது, இதுல தண்ணி பட்டா ஒன்னும் ஆகாதே?” என்று கேட்டார். மூடியின் மேல் வைக்கச் சொன்னேன்.