முன்பாரம்

1

ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள் தன் காலத்தின் பெரும்பகுதியைப் பிறிதொன்றால் சுமக்கப்பட்டே கழிக்கிறது என்பதுதான் பந்தய மோட்டார் சைக்கிளைப் பற்றிய முதல் உண்மை. அதற்கு முகப்பு விளக்கு இல்லை. நம்பர் பலகை இல்லை. அதன் டயர் ஊர்ச்சாலைக்கு ஆனதல்ல. ஞாயிற்றுக்கிழமை சில சுற்றுகள், சில நிமிஷங்கள் ஓடுகிறது. அந்தச் சில நிமிஷங்களுக்காக வெள்ளகோவிலிலிருந்து காங்கயம், பல்லடம் வழியாகச் செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு 80, 90 கிலோமீட்டர் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை என்றால் 400 கிலோமீட்டருக்கு மேல். எதில் ஏற்றிப் போவது, போன இடத்தில் இரவு எங்கே படுப்பது என்ற இரண்டு கேள்விகளும் ஓட்டத்துக்கு முன்பே வந்து நிற்கின்றன.

இவை கவிதையும் விமர்சனமும் வருகிற பக்கங்களில் எழுப்பத் தகுந்த கேள்விகளா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கோ, நம் சிந்தனை திட்டமிட்டே ஒதுக்கி வைத்த இரண்டு விஷயங்கள் இவற்றில் இருப்பதாகப் படுகிறது. ஒன்று சுமத்தல், மற்றொன்று உறக்கம். நாம் படிக்கிற தத்துவம் பெரும்பாலும் விழித்திருப்பவனுடையது, கையில் சுமை இல்லாதவனுடையது. ராபர்ட் பிர்ஸிக் 1974-ல் வெளியிட்ட புத்தகத்தில் மோட்டார் சைக்கிளைப் பராமரிப்பதிலிருந்து தொடங்கி 'தரம்' என்ற கருத்தைச் சுற்றி ஒரு தத்துவத்தையே கட்டினார். ஆனால் அவருடைய வண்டி அவரையும் மகனையும் சுமந்துகொண்டு போன வண்டி. சுமக்கப்பட வேண்டிய வண்டியைப் பற்றிப் பேச அவருக்கு நேரவில்லை. நமக்கு நேர்ந்திருக்கிறது.

2

நான் வேலை பார்க்கும் வங்கியின் கவுண்டருக்கு ஓர் இளைஞர் வந்தார். விசைத்தறிக் குடும்பம். பழைய பந்தய வண்டிகள் இரண்டு வைத்திருக்கிறார். இதுவரை குட்டியானையை வாடகைக்குப் பிடித்து அவற்றை ஏற்றிப் போயிருக்கிறார். இனி காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற மாதிரி ஒரு ட்ரெய்லர் வேண்டும். நாலு பக்கமும் மூடியது, உள்ளே படுத்துக்கொள்ளத் தக்கது. டிராக்டர் ட்ரெய்லர் கட்டுகிற பட்டறையொன்று விலை சொல்லிவிட்டது. கடன் கிடைக்குமா என்று கேட்க வந்தார்.

"பைக்கோட ஆர்.சி. இருக்கா தம்பி?"

"பந்தய வண்டிக்கு ஆர்.சி. ஏதுங்க சார். ட்ரெய்லருக்கு வேணா எடுக்கலாமுங்க."

அவர் சொன்னதில் சட்டம் இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறைப்படி, தானாக ஓர் அங்குலமும் நகரமுடியாத ட்ரெய்லர் ஒரு மோட்டார் வாகனம். அதே வரையறை, தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைபட்ட இடத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென அமைந்த விசேஷ வண்டிகளை மோட்டார் வாகனம் அல்ல என்று விலக்குகிறது. பந்தய சைக்கிள் இந்த விலக்குக்குள் வருமா என்பது வக்கீல்களின் விவகாரம். ஆனால் எஞ்சின் இல்லாததற்குப் பதிவும் பெயரும் உண்டு, எஞ்சினே உருவானதற்கு இல்லை என்பது யதார்த்தம். முரண்போலத் தோன்றினாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. பொதுச்சாலையில் பிறரோடு உறவு கொள்வது ட்ரெய்லர்தான். உறவு கொள்வதைத்தான் சட்டம் பதிவு செய்கிறது, வேகத்தை அல்ல.

கடன் இல்லாவிட்டால் இளைஞருக்கு இன்னொரு வழி உண்டு. ஷெட்டில் ஓடாமல் நிற்கும் நான்கு தறிகளை எடைக்குப் போடுவது. அவருடைய தகப்பனார் மறுக்கவில்லை. "ஓடுனாத்தானுங்க தறி, நின்னுட்டா இரும்புதானுங்க" என்றாராம். இந்தப் பிரதேசத்தில் சில வருஷங்களாகவே தறிகள் பழைய இரும்பாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே அந்த வாக்கியத்தில் தனியான சோகம் எதையும் நான் ஏற்றவில்லை. ஆனால் பிரச்னை இங்கிருந்து ட்ரெய்லரின் அளவு பற்றியதாக மட்டும் இல்லை.

3

ட்ரெய்லர் தேர்வதில் ஒரு விதி உண்டு. மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடினாலும் சரி, இழுக்கிற வண்டியின் கொக்கிமேல் இறங்க வேண்டும். சுமையை அச்சுக்குப் பின்னால் தள்ளி ஏற்றினால் கொக்கிக்கு எடை இராது. காரை ஓட்டுகிறவனுக்கு முதலில் சுகமாகத்தான் இருக்கும். வேகம் கூடியதும் ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, இழுப்பதையே ஆட்டிச் சாலையிலிருந்து வீசிவிடும். மாறாக, எல்லா எடையையும் முன்னால் குவித்தால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது.

கார் வருவதற்கு முன்பே இந்த விதியை அறிந்தவர்கள் நம் வண்டிக்காரர்கள். முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்களில் அதை வைத்திருந்தார்கள். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். பாரமே வேண்டாம் என்று காளைக்கு இரக்கம் காட்டுகிறவன் காளையின் மூச்சை நிறுத்துகிறான். கழுத்து தாங்கக்கூடிய ஒரு பங்கு கழுத்தில் இருந்தாக வேண்டும். இதைவிடத் துல்லியமான ஓர் ஒழுக்கச் சூத்திரத்தை நான் படித்ததில்லை.

இழுப்பவன் வேறு, சுமை வேறு என்று பிரித்துவிட்டு, இழுப்பவனுக்குச் சுமையில் பங்கில்லை என்று ஏற்பாடு செய்கிற இடங்களில் எல்லாம் சுமை திரும்பி அவனை ஆட்டுகிறது. தியாகம் என்ற பெயரில் முழுப் பாரத்தையும் ஒரு கழுத்தில் வைக்கிற இடங்களில் கழுத்து ஒடிகிறது. அதனால் நாம் கேட்க வேண்டியது யார் சுமப்பது என்பதல்ல. அச்சுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு என்பதுதான்.

இளைஞரின் கணக்கு இது. வண்டிகள் இரண்டு, கருவிப்பெட்டி, டயர்கள், ட்ரெய்லரின் சொந்த எடை எல்லாம் சேர்ந்து சுமார் 700 கிலோ. கொக்கியில் இறங்க வேண்டியது 70 கிலோ. ஒரு மனிதனின் எடை. அந்த மனிதன் யார் என்பதே என் கேள்வி. தறிகளை எடைக்குப் போட்டு ட்ரெய்லர் வந்தால், அந்த 70 கிலோ தகப்பனார்.

4

"குட்டியானையிலேயே போகலாமே" என்றேன். "போலாமுங்க. ஆனா லாட்ஜுல படுத்தாத் தூக்கம் வரதில்லீங்க சார். வண்டிகிட்டப் படுத்தா வருதுங்க" என்றார்.

இது பாசாங்கு இல்லை. வெள்ளகோவிலுக்கும் காங்கயத்துக்கும் நடுவே ஓலப்பாளையத்துக்குப் பக்கத்தில், கண்ணபுரத்தில், சித்திரையில் மாரியம்மன் திருவிழாவையொட்டி மாட்டுச் சந்தை கூடும். காங்கயம் காளைகளோடு வந்தவர்கள் அவற்றின் பக்கத்திலேயே படுப்பார்கள். ஐரோப்பாவில் கம்பெனிகளின் ஆதரவில்லாமல் சொந்த வண்டியை வேனில் ஏற்றி ஊர் ஊராகப் போய், பந்தய மைதானங்களிலேயே தங்கி ஓட்டிய கூட்டத்துக்குக் 'கான்டினென்டல் சர்க்கஸ்' என்று பெயர். ஆஸ்திரேலியரான ஜாக் ஃபிண்ட்லே அவர்களில் ஒருவர். 1971-ல் அல்ஸ்டர் கிராண்ட் பிரீயில் 500 சிசி பிரிவில் ஜெயித்தார். அந்தப் பிரிவில் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் கண்ட முதல் வெற்றி அது. அவரை மையமாக்கி அந்தக் கூட்டத்தின் பெயரிலேயே ஒரு பிரெஞ்சுப் படம் 1972-ல் வந்தது. இந்த வாழ்வைச் சுதந்திரம் என்று கொண்டாடுவது எளிது.

ஆனால் பொருளின் பக்கத்தில் உறங்குவது இந்தப் பிரதேசத்தில் வேறு அர்த்தங்களும் கொண்டது. இளைஞரின் தகப்பனாரும் முப்பது வருஷம் தறிக்குப் பக்கத்தில்தான் உறங்கினார். கூலிக்கு நெய்கிறவர், நூலும் அவருடையதல்ல, துணியும் அவருடையதல்ல. தறியின் சத்தம் மாறினால் தூக்கத்திலேயே எழுந்துவிடுவாராம். நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்த பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை என்ற ஏற்பாட்டுக்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அவர்களும் இயந்திரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் உறங்கினவர்கள்தாம். மூன்று உறக்கத்துக்கும் வெளித்தோற்றம் ஒன்று. ஒன்றை அன்பு என்றும் ஒன்றைப் பிழைப்பு என்றும் ஒன்றைச் சிறை என்றும் எதைக் கொண்டு பிரிப்பது?

சொந்தம் என்ற அளவுகோல் போதாது. தறி தகப்பனாருக்குச் சொந்தம், உறக்கம் சொந்தமில்லை. ஒரே கம்பெனியின் வண்டிகளைக் கம்பெனியே கொடுத்து நடத்துகிற பந்தயங்கள் இன்று இங்கே உண்டு. ஓட்டுகிறவன் ஹெல்மெட்டோடும் தோலுடையோடும் வந்தால் போதும். சுமை இல்லை, ட்ரெய்லர் இல்லை, கடன் இல்லை. இதை அந்நியமாதல் என்று அவசரமாகத் தள்ளிவிட நான் தயாரில்லை. பணமில்லாத பையன்களுக்குப் பந்தயத்தின் கதவைத் திறந்துவிட்டது இந்த ஏற்பாடுதான். ஆனால் அங்கே யாரும் வண்டிக்குப் பக்கத்தில் உறங்க வேண்டியதில்லை, மாலையில் வண்டி திரும்பக் கம்பெனிக்குப் போய்விடுகிறது என்பதும் உண்மை.

அளவுகோல் பூட்டாங்கயிற்றில் இருப்பதாக நினைக்கிறேன். கயிற்றை அவிழ்க்கும் முடிச்சு யார் கையில் இருக்கிறது? நாளைக் காலை கொக்கியைக் கழற்றிவிட்டு நடந்துபோக முடிகிறவனின் உறக்கம் அன்பு. முடியாதவனின் உறக்கம் காவல். யாரைக் காவல் காக்கிறது என்பதுகூட அவனுக்குத் தெரியாமல் போகலாம். இளைஞரால் கழற்ற முடியும். விடுதிப் பெண்ணால் மூன்று வருஷத்துக்கு முடியாது. தகப்பனாருடைய முடிச்சோ, தறியை இரும்பு என்று அவரே சொல்லும் அளவுக்கு இறுகியிருக்கிறது. அந்தச் சொல்லைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சு முட்டுகிறவன் தலையாட்டுவதும் சம்மதம்போலத்தான் தெரியும்.

நான் அவரிடம் சொன்னது எளிமையானது. மூடிய ட்ரெய்லர் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். மூடிய பெட்டிக்குள் தரையில் படுக்கிறவன் அதைத்தான் சுவாசிப்பான். காங்கயம் தாண்டினால் எதிர்க்காற்றும் பக்கக்காற்றும் அந்தப் பெட்டியைப் பிடித்துத் தள்ளும். திறந்த ட்ரெய்லர், சின்னது. தன் சம்பாத்தியத்தில் கட்டக்கூடியது. தேருக்குப் போடுகிற மாதிரி சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. முன் ஃபோர்க் பாதி அமுங்கும்வரை பட்டைகளை இறுக்கினால் போதும். பக்கத்தில் ஒரு தார்ப்பாய், அதனடியில் பாய். தறிகளை விற்பதானால் அந்தப் பணம் தகப்பனாருடைய கடனுக்குப் போகட்டும். அவருடைய முடிச்சு முதலில் தளரட்டும். அவர் கேட்டுக்கொண்டார். ஏற்பாரா என்று தெரியாது.

5

நம்மில் பலர் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், எல்.ஐ.சி.க்காரர்கள். உத்தியோகம் இழுக்கிறது, இலக்கியம் பின்னால் வருகிறது, ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை என்று நமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். மாதச் சம்பளம் வாங்குகிற கையில் கவிதையின் எடை துளியும் இறங்காமல் பார்த்துக்கொள்கிறோம். அதைக் கவிதையின் தூய்மை என்று அழைக்கிறோம். இன்றைய கவிதையில் நான் காணும் ஆட்டம் இதிலிருந்து வருகிறது. படிமங்கள் எல்லாம் அச்சுக்குப் பின்னால் குவிந்திருக்கின்றன. வரிகள் பக்கவாட்டில் அசைகின்றன. அந்த அசைவை லயம் என்று சொல்லிக்கொள்கிறோம். நேர் எதிரான தவறும் உண்டு. எழுத்துக்காக வீட்டாரின் கழுத்தை ஒடித்துவிட்டு அதைக் கலைஞனின் தியாகம் என்பது. அந்தத் தியாகத்தில் ஒடிந்த கழுத்து பெரும்பாலும் கலைஞனுடையது அல்ல.

கழுத்து தாங்குகிற அளவுக்கு, இழுக்கிறவனின் கழுத்திலேயே, பாரம் இருக்க வேண்டும். கடன் விண்ணப்பத்தில் தறியின் எடையைக் கிலோக் கணக்கில் எழுதுகிற கையும் கவிதை எழுதுகிற கையும் ஒன்றே என்பதை வரிகள் அறிந்திருக்க வேண்டும். அப்படி அறிந்த வரிகள் மெதுவாகத்தான் போகும். ஆனால் சாலையைவிட்டு விலகாது.