கழற்றிய பிறகு எது வண்டி

பிக்கப் வண்டியை டிராக் பந்தயத்துக்குத் தயார் செய்பவர் முதலில் ஸ்டெப்னியைக் கழற்றுவார். பிறகு ஜாக்கி, பின் பம்பர், டெயில் கேட், ஏ.சி., நீள இருக்கை என்று ஒவ்வொன்றாகப் போகும். கழற்ற முடியாதவற்றை மாற்றுவார்: இரும்பு பானட் இருந்த இடத்தில் ஃபைபர், கண்ணாடி இருந்த இடத்தில் பாலிகார்பனேட், வார்ப்பிரும்பு எஞ்சின் ஹெட் இருந்த இடத்தில் அலுமினியம். நேர்கோட்டில் 402 மீட்டர், அதாவது கால் மைல், ஓடி முடிப்பதைத் தவிர அந்த வண்டிக்கு வேறு வேலை கிடையாது. சில வண்டிகளில் லோடு பாடியே போய்விடும். சுமை ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்டது, சுமை ஏற்ற இடமில்லாமல் நிற்கும். எதை வைத்து இதை இன்னும் அதே வண்டி என்பது?

இந்தக் கேள்வி எஞ்சினுக்கு இரண்டாயிரம் ஆண்டு மூத்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னன் மெனாண்டரை, பாலி நூலான ‘மிலிந்த பன்ஹா’ மிலிந்தன் என்று அழைக்கிறது. ‘நாகசேனன் என்பது வெறும் பெயர்தான், அந்தப் பெயருக்குள் ஆள் ஒருவரும் இல்லை’ என்று பிக்கு நாகசேனர் தன்னைப் பற்றியே சொன்னதை மன்னனால் ஏற்க முடியவில்லை. தேரில் வந்திருந்த மன்னனிடம் பிக்கு திருப்பிக் கேட்டார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எல்லாம் சேர்ந்த குவியல் தேரா? இவை நீங்கலாக வேறெங்காவது தேர் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றே மன்னன் சொல்ல வேண்டியிருந்தது. உறுப்புகளைச் சார்ந்து, வழக்கில் நிற்கும் பெயரே தேர் என்பது முடிவு. நாகசேனர் மனத்துக்குள் கழற்றியதைப் பந்தய மெக்கானிக் ஸ்பேனரால் கழற்றுகிறார்; அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டத்துக்கு இந்தத் தயக்கமெல்லாம் இல்லை. சேசிஸில் பொறித்த எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றானால் அதே வண்டி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. ஆகவே எடை குறைத்த பிக்கப் பந்தயத் தடத்துக்குத்தான் உரியது, சாலைக்கு அல்ல. பெயருக்கு அடியில் மாறாத ஏதோ ஒன்று இருந்தே தீர வேண்டும் என்ற நம்பிக்கையைச் சட்டம் ஓர் எண்ணாகப் பொறித்து வைத்திருக்கிறது.

சமணம் எடையை இன்னும் நேரடியாக எடுத்துக்கொண்டது. அதற்கு வினை என்பது உவமை அல்ல, உயிரில் ஒட்டும் நுண்பொருள். மண் பூசிய சுரைக்குடுக்கை நீரில் மூழ்கும். மண் கரையக் கரையத் தானே மேலே வரும். உயிரின் இயல்பும் மேலே போவதே, வினைதான் அதை அழுத்துகிறது. இந்த மரபில் எடை குறைப்பது, உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஒன்றை விடுவிப்பது. பௌத்தத்தில் அப்படி விடுவிக்க உள்ளே எதுவும் இல்லை. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான ‘நீலகேசி’யில் சமணப் பெண்துறவி பௌத்தர்களை வரிசையாக வாதுக்கு இழுப்பது சும்மா அல்ல.

இந்த விவாதம் சுரங்க ஊரான கோலார் தங்கவயலில் ஏட்டுச் சண்டையாக மட்டும் இருக்கவில்லை. அயோத்திதாசர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளை வந்துவிட்டது. ஆண்டர்சன்பேட்டையை ஒட்டிய சாம்பியன் ரீஃபில் தமிழ்ப் பௌத்த நூல்கள் அச்சாயின. அயோத்திதாசர் மறைந்தபின் நின்றுபோன அவரது ‘தமிழன்’ இதழை 1920களில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார். இவற்றைப் படித்தவர்களில் பலர் சுரங்கத்தில் இறங்கிய ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளர்கள். பிறப்போடு வந்த மாறாத சாரம் என்று ஒன்றும் ஆளுக்குள் இல்லையென்றால், சாதி உட்கார உள்ளே இடம் ஏது? அதே வட்டத்தைச் சேர்ந்த பி. லட்சுமி நரசு 1907இல் வெளியிட்ட பௌத்த நூலில் ஆன்மாவை மறுத்ததன் கூர்மை இங்கேதான் தெரியும். ஆனால் அயோத்திதாசர் சென்ற வழி வேறு: ஒடுக்கப்பட்டோர் பூர்வ பௌத்தர்கள், சாதி பிற்காலத்தில் அவர்கள்மேல் ஏற்றப்பட்டது என்றார். அதாவது சாதி சேசிஸ் அல்ல, லோடு, இறக்கிவிடலாம். இதில் ஒரு முரண் உண்டு. மாறாத சாரம் இல்லை என்னும் சமயத்துக்குள் ‘பூர்வம்’ என்ற சொல் ஒரு சேசிஸ் எண்ணைப் போல நுழைகிறது. வரலாறு பறிக்கப்பட்டவர்களுக்கு அந்த எண் தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும் தத்துவமாக எடுத்துக்கொண்டால் நாகசேனரின் வாதமே வலுவானது.

கழற்றுவதற்கும் எல்லை உண்டு. கால் மைல் நேரம், எடையைக் குதிரைத்திறனால் வகுத்தால் வருவதன் கனமூலத்தை ஒட்டி மாறுகிறது. பத்தில் ஒரு பங்கு எடை போனால் நேரம் 3.5 சதவீதம்கூடக் குறையாது: 15 விநாடி ஏறத்தாழ 14.5 ஆகும். பாதி எடையே போனாலும் நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். பிக்கப்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எஞ்சின் முன்னால், தள்ளும் சக்கரங்கள் பின்னால், அவற்றின்மேல் காலியான தொட்டி. அங்கே மேலும் எடை போனால் டயர் பிடிப்பு இழந்து சுழலும். வண்டி நகராது, புகை மட்டும் வரும். அதனால்தான் பேட்டரியைப் பின்னுக்குக் கொண்டுபோகிறார்கள். வண்டி உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு எடையைக் கூட்டினாலும் அதைக் கழற்றுவதில்லை. துறவிலும் இந்த எல்லை உண்டு. ஆறாண்டு உடலை வாட்டிய சித்தார்த்தர், சுஜாதை தந்த பாற்சோற்றை உண்டதும் உடனிருந்த ஐவர் விலகிப் போனார்கள். எடை குறைப்பதையே இலக்கு என்று எண்ணியவர்கள் அவர்கள்.

தங்கவயலின் ஆலைகள் செய்தது பந்தய மெக்கானிக் செய்வதற்கு நேர்மாறு. பாறையைப் பொடித்து, நீரில் கலந்து, துணி விரித்த சரிவுப் பலகையில் ஓடவிட்டால் லேசானது அடித்துப் போகும். நீரைவிட 19 மடங்கு கனமான தங்கம் துணியில் தங்கும். அங்கே எடைதான் சாரம். அடித்துப் போனதெல்லாம் ஊரைச் சுற்றிச் சயனைடு மேடுகளாக நிற்கிறது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகும் காற்றடித்தால் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது.

ஆக, எது சாரம் எது சுமை என்பதைப் பொருள் தானாகச் சொல்லாது; அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதே சொல்லும். பந்தயக்காரர் பயனற்றதை விடுகிறார், வெற்றியை விடுவதில்லை. துறவி விடச் சொல்வது அந்த வெற்றி வேட்கையை. இரண்டையும் ஒன்றாக்கி, எடை குறைத்த வண்டியைத் துறவின் சின்னமாகக் காட்டுவது தவறு. நாகசேனர் கேட்டதும் தேரைப் பற்றி அல்ல, தேரில் வந்தவனைப் பற்றி. 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய டிராக் பந்தயச் சங்கத்தின் விதிகளில் பிரிவுக்குப் பிரிவு குறைந்தபட்ச எடை உண்டு. அதைச் சரிபார்க்க வண்டி எடைமேடையில் ஏறும்போது ஓட்டுநரின் எடையும் வண்டியின் எடையோடு சேர்த்தே கணக்கிடப்படுகிறது.