கஞ்சாவும் ஐயுறவும்

தொப்பூர்க் கணவாயில் இரவில் தனிவழி செல்வான், பின்னே சருகு அசையின் திரும்பி நோக்குதல் இயல்பே. கஞ்சா புகைத்தானோ தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே, அயலார் பேச்செல்லாம் தன்னைக் கெடுக்குஞ் சூழ்ச்சியென்று அஞ்சுகின்றான். இவ்வச்சம் யாருடையது?

1964இல் மெக்கூலமும் கவோனியும் அவ்விலையின் மயக்கப்பொருளைப் பிரித்தெடுத்தனர். மூளையில் அச்சத்தை ஆளும் பகுதியிலும் அதனை ஏற்கும் வாயில்கள் உள. சிற்றளவிற் பலர்க்கு அச்சந்தணிப்பதும், மிக்கவழி அச்சமெழுப்பி அற்ப நிகழ்ச்சிக்கும் பெரும்பொருள் தோன்றச்செய்வதும் அதுவே. அவ்வாயில்கட்கு உடம்பே இயற்றும் பொருளொன்று 1992இல் அறியப்பட்டு, ஆனந்தமென்னும் வடசொல்லால் ஆனந்தமைடு எனப் பெயர் பெற்றது. ஆனந்தத்தின் பெயர்கொண்ட பொருளை ஏற்கும் வாயிலே அச்சத்துக்கும் வழியாயிற்று, வியப்பன்றோ!

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தத் துணிபு. அங்ஙனமாயின், புகைத்தானிடங் குற்றமில்லை போலுமெனின், அற்றன்று. அச்சம் இலையின் விளைவு. இலையைச் சார்ந்த விருப்பம் அவனுடையது. சிவன்பெயர் சொல்லிப் புகைப்பார்க்கும் இதுவே விடை.

எனினும், அஞ்சி நடுங்குவானிடம் அப்பொழுதே குற்றம் எடுத்தோதுதலும், அவன் ஐயத்தை வாதிட்டு மறுத்தலும் பயனில. ஆரவாரம் தவிர்த்து, மென்சொற் கூறி, மயக்கந் தெளியுமளவும் அருகிருத்தலே தக்கது. வாதத்தில் வல்ல நம்மனோர்க்கு இஃது அரிதே! தெளிந்தபின்னும் ஐயுறவு நீங்காதாயின், மந்திரிப்பாரைத் தேடாது மனநோய் மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது அழைத்துச் செல்க.