“ஐந்து நிமிடந்தானே!”

பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டு, “சுவாமி, நான் என் காரை நடைபாதையில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போனேன்” என்று எவராவது சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க மாட்டார் என்றே எண்ணுகின்றோம். பொய் சொன்னதைச் சொல்கின்றோம். பிள்ளைகளைக் கோபித்ததைச் சொல்கின்றோம். பெரிய வெள்ளியில் மறதியாக மாமிசம் உண்டதைக்கூடச் சொல்கின்றோம். வாகனத்தை எங்கே நிறுத்தினோம் என்பது மட்டும் நமக்கும் பொலிஸாருக்கும் இடையிலுள்ள விவகாரம், அதில் கடவுளுக்கு என்ன அலுவல் என்பது நமது எண்ணம். இவ்வெண்ணம் சரிதானா என்பதை வாசகர்களாகிய உங்களோடு சேர்ந்து சிறிது ஆராய விரும்புகின்றோம்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி வீதியானாலென்ன, கொழும்பிலே கொட்டாஞ்சேனையானாலென்ன, மட்டக்களப்பு, மன்னார்க் கடைத்தெருக்களானாலென்ன, காட்சி ஒன்றுதான். ஐந்தடி அகலமான நடைபாதை. கார் ஒன்றின் அகலம் ஏறக்குறைய ஐந்தரை அடி. அதன் பாதியை வீதியிலும் பாதியை நடைபாதையிலும் ஏற்றி விட்டால், நடப்பவருக்கு எஞ்சுவது இரண்டடிக்குச் சற்று அதிகம். அந்த இரண்டடியிலும் கடைக்காரரின் வாழைக்குலையோ பிளாஸ்திக் வாளிகளோ தொங்கும். சக்கர நாற்காலி ஒன்று தடையின்றிப் போக மூன்றடி வேண்டும். ஆகவே நாற்காலியில் வருபவர் வீதிக்கு இறங்க வேண்டும். இறங்குவதற்குச் சரிவு இல்லாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். மோட்டார் சைக்கிள்காரர்கள், நாங்கள் அவ்வளவு இடம் பிடிப்பதில்லை என்பார்கள். ஒன்று பிடிக்காது, உண்மை. ஆனால் ஒன்றைக் கண்டு இன்னொன்று வரும். பத்து மணிக்கெல்லாம் மருந்துக் கடை வாசலில் பன்னிரண்டு நிற்கும்.

அந்த நடைபாதையில் நடப்பவர்கள் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வாகனம் வைத்திருப்பவர் நடப்பதில்லை. கிளினிக் துண்டைக் கையில் பிடித்தபடி பஸ்ஸால் இறங்கி வரும் ஆச்சி, ஒரு பிள்ளையை இடுப்பிலும் மற்றதைக் கையிலும் கொண்டுபோகும் தாய், பள்ளிவிட்டு வரும் சிறுவர், யுத்தத்திலே கால் இழந்து பொய்க்காலோடு நடப்பவர். யுத்தம் 2009இல் முடிந்தது, ஆனால் இழந்த கால் யாருக்கும் திரும்பி வரவில்லை. கண் தெரியாதவரின் நிலை இன்னும் பரிதாபமானது. அவர் வெள்ளைப் பிரம்பால் நடைபாதையின் விளிம்பையோ மதிலையோ தட்டித் தட்டித்தான் வழி கண்டுபிடிக்கின்றார். பிரம்பு நிலத்தில் இருப்பதை அறிவிக்கும்; நெஞ்சளவில் நீட்டிக்கொண்டு நிற்கும் லொறியின் பின்பலகையை அது அறிவிப்பதில்லை. அதை அவருடைய முகந்தான் அறிகின்றது.

“சரி, இது ஒரு மரியாதைக் குறைவுதான், பிறரைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்” என்று சிலர் ஒத்துக்கொள்வார்கள். அவ்வளவு இலேசாக விட்டுவிட நாம் தயாரில்லை. மரியாதை என்பது என்னுடையதிலிருந்து நான் பிறருக்குக் கொடுப்பது. பஸ்ஸிலே என் இருக்கையை ஒரு கர்ப்பிணிக்கு விட்டுக்கொடுத்தால் அது மரியாதை, அன்பு. நடைபாதையோ என்னுடையதல்ல. அது நடப்பவருக்கென்றே ஒதுக்கப்பட்டது. அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுப்பது நீதி என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் படிப்பிக்கின்றார். ஆகவே நடைபாதையை விட்டு வைப்பது பெருந்தன்மையல்ல, கடன். அதை அடைத்து வைப்பதும் மரியாதைக் குறைவல்ல. பிறர் உடைமையை, சிறிது நேரத்துக்கேனும், எடுத்துக்கொள்வதாகும்.

இங்கே படித்தவர்கள் ஒரு நியாயம் சொல்வதுண்டு. முற்காலத்து ஒழுக்கவியல் அறிஞர்கள் சிலர், வரி, சுங்கம் போன்ற சில அரசாங்கச் சட்டங்கள் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்துவதில்லை, அகப்பட்டால் தண்டப்பணத்தைக் கட்டினால் போதும் என்று எழுதியிருக்கிறார்கள். வாகனச் சட்டமும் அந்த வகையைச் சேர்ந்ததுதானே என்பது இவர்கள் வாதம். அந்தக் கொள்கையே தவறென்று மறுத்த அறிஞரும் பலர். அது சரியென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்த வாதம் நிற்காது. ஏனெனில் நாம் பேசுவது சட்டத்தை மீறியதைப் பற்றியல்ல, ஓர் ஆளுக்குச் செய்த தீங்கைப் பற்றி. குருடனுடைய பாதையில் இடறலை வைக்க வேண்டாமென்று லேவியர் ஆகமத்தில் கட்டளையிடப்பட்டபோது மோட்டார் வாகனமும் இல்லை, தண்டச் சீட்டெழுதும் பொலிஸும் இல்லை. அந்தக் கட்டளையோடு சேர்த்தே, கடவுளுக்கு அஞ்சும்படியும் சொல்லப்பட்டிருக்கின்றது. காரணம் விளங்குகின்றதல்லவா? இடறலை வைத்தவன் யாரென்று குருடனுக்குத் தெரியாது. அவன் முறையிடவும் மாட்டான். பார்த்திருப்பவர் ஒருவர்தான்.

அடுத்தது “ஐந்து நிமிடந்தானே!” என்ற சமாதானம். இதுவே எல்லோர் வாயிலும் வருவது. காரியம் அற்பமானது, அற்ப காரியத்திலே கனமான குற்றமில்லை என்பது இதன் பொருள். அற்பம், கனம் என்பதை யாருடைய தராசில் நிறுப்பது? களவைப் பற்றி எழுதிய வேதசாஸ்திரிகள் இதில் மிக நுட்பமாக இருந்தார்கள். செல்வந்தனிடம் திருடினால் அற்பமாயிருக்கும் ஒரு தொகை, அன்றாடக் கூலிக்காரனிடம் திருடினால் கனமான பாவமாகும் என்றார்கள். எடுத்தவனின் கணக்கை அவர்கள் பார்க்கவில்லை. இழந்தவனின் கணக்கைத்தான் பார்த்தார்கள். அப்படியானால் உங்கள் ஐந்து நிமிடத்தை, லொறிகளும் பஸ்களும் ஓடும் வீதியில் இறங்கி நடந்த ஆச்சியின் ஐந்து விநாடியைக் கொண்டே அளக்க வேண்டும்.

இன்னுமொன்று. சிறு சிறு களவுகளாகச் செய்தால், அவை சேர்ந்து எவ்வளவு பெருந்தொகையானாலும் திருப்பிக் கொடுக்கும் கனமான கடமையில்லை என்று ஒரு கருத்து 17ஆம் நூற்றாண்டில் உலவிற்று. அதனை 11ஆம் இன்னசென்ற் பாப்பரசர் 1679ஆம் ஆண்டில் கண்டித்துத் தள்ளினார். சில்லறையாக எடுத்தாலும் சேர்ந்தால் மலைதான் என்பது திருச்சபையின் தீர்ப்பு. ஒவ்வொருவரும் ஐந்து நிமிடந்தான் நிறுத்துகின்றனர். ஆச்சிக்கோ நாள் முழுவதும் நடைபாதை இல்லை.

ஐந்து நிமிடத்தில் தீராத பாதிப்பும் உண்டு. நமது பட்டினங்களில் பல இடங்களில் நடைபாதை என்பது கானின் மேல் பரவிய கொங்கிறீற் மூடிகள்தாம். மனிதர் நடப்பதற்கென்று வார்க்கப்பட்டவை அவை. ஆயிரம் கிலோகிராமுக்கு மேற்பட்ட வாகனம் நாள்தோறும் ஏறினால் முதலில் வெடிப்பு, பிறகு ஒரு மூலை உடைவு, மாரி மழைக்குப் பிறகு வாய் பிளந்த குழி. வாகனம் எப்போதோ போய்விட்டது, குழி வருடக்கணக்காக இருக்கின்றது. குழி தோண்டி மூடாமல் விட்டவனைப் பற்றி யாத்திராகமத்தில் ஒரு சட்டம் உண்டு. பிறனுடைய மாடோ கழுதையோ அதில் விழுந்தால் குழிக்குரியவன் ஈடு கொடுக்க வேண்டும். விழ வேண்டுமென்று நினைத்தானா என்று அங்கே கேட்கப்படவில்லை. கழுதைக்கே இவ்வளவு நீதி கிடைத்திருக்கின்றது.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். சைக்கிளுக்கும் மாட்டு வண்டிக்குமாக அமைந்த வீதிகள் இவை. இப்போது வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள், நிறுத்த இடமில்லை, நகர, மாநகர சபைகள் இடம் ஒதுக்குவது போதாது. இந்த முறைப்பாடு முற்றிலும் நியாயமானது. உரிய இடத்தில் அதைச் சொல்வதும் கடமையே. ஆனால் சபை எனக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பதற்காக, இதிலே எந்தத் தொடர்புமில்லாத மூன்றாம் ஆளிடம் நான் அதை அறவிட முடியுமா? மெய்யான அவசரத்தை நாம் குறை சொல்ல வரவில்லை. உயிருக்கு ஆபத்தான வேளையில் பிறர் பொருளை எடுப்பதும் களவாகாது என்று அதே தோமாஸ் அக்குவீனாஸ் எழுதியிருக்கின்றார். பிரசவ வேதனையிலுள்ள பெண்ணை ஏற்றி வருபவர் எங்கே நிறுத்தினாலும் ஆச்சி கோபிக்க மாட்டாள். ஒதுங்கி நின்று மன்றாடுவாள். மாலைத் தேநீருக்கு றோல்ஸ் வாங்குவது அந்த வகையில் அடங்காது.

லண்டனிலுள்ள நமது உறவினரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதியென்று குறித்த இடங்களிலன்றி நடைபாதையில் வாகனம் நிறுத்துவது குற்றம். அங்கே ஒரு சில்லைக்கூட ஏற்றாதவர், கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்து, வாடகை வானை மதிலோடு மதிலாக ஒட்டி நிறுத்துகிறார். அப்படியானால் அவரை அங்கே நடத்துவது ஒழுக்கமா, தண்டச் சீட்டா? அவசரப்பட்டு ஏளனம் செய்யவும் வேண்டாம். தண்டனைக்குப் பயந்து செய்யத் தொடங்குவது பழக்கமாகி, பழக்கம் நாளடைவில் விருப்பமாகலாம், சட்டத்தின் பயன்களில் அதுவும் ஒன்று என்று பெரியோர் கூறியிருக்கின்றனர். எல்லையைத் தாண்டியதும் கழன்றுவிடும் பழக்கம் அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். இங்கும் சட்டம் இல்லாமலில்லை. அங்கவீனமுற்றோரின் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996இலும், அவர்கள் பொது இடங்களுக்குச் சென்றுவர வசதி செய்யும் விதிகள் 2006இலும் வந்தன. அதன்படி கட்டிய சரிவுப் பாதையின் வாயிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போகிறவரை எந்த விதியால் திருத்துவது?

இவற்றையெல்லாம் திருச்சபை கவனிப்பதில்லை என்று நினைப்பவருக்கு, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டை எடுத்துப் பார்க்கச் சொல்வோம். தன்னலத்தைக் கண்டிக்கும் பகுதியிலே, வாகன வேகக் கட்டுப்பாடுகளை அலட்சியம் செய்வோரைப் பெயர் சொல்லாத குறையாகக் குறிப்பிடுகின்றது. 2007ஆம் ஆண்டில் வத்திக்கான், வீதியில் செல்வோர்க்கான மேய்ப்புப்பணி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, சாரதிகளுக்குப் பத்துக் கட்டளைகளையும் அதில் சேர்த்தது. வாகனத்தை அதிகாரத்தின் அடையாளமாக்க வேண்டாம் என்பது அவற்றிலொன்று. வீதியில் பலவீனரைப் பாதுகாக்க வேண்டும் என்பது மற்றொன்று.

நம் ஆலய வாசலுக்கு வருவோம். ஞாயிறு காலைத் திருப்பலி நேரத்திலும், கொடியேற்றத்திலும், செத்தவீட்டுப் பூசையிலும் மதிலோரம் எப்படி இருக்கின்றது? கப்பர்நாகூமிலே வீடு நிறைந்து வாசலும் அடைபட்டிருந்ததால், திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கியதாக மாற்கு எழுதுகின்றார். வாசலை அடைத்து நின்றவர்கள் பொல்லாதவர்களல்லர். கர்த்தருடைய வார்த்தையைக் கேட்க ஆவலோடு வந்தவர்கள். ஆயினும் நோயாளி கூரையேற வேண்டியதாயிற்று. நம்முடைய ஆச்சியைத் தூக்கிக் கூரையேற்ற நான்கு பேர் கிடைப்பார்களா என்பது சந்தேகம். கிடைத்தாலும், தகரக் கூரை.

ஈடு செய்வதைப் பற்றியும் கேட்பீர்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் களவுக்கு மன்னிப்பில்லையென்று சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். யாரிடம் எடுத்தோமென்று தெரியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். இங்கே யாரென்று தெரியாது, எத்தனை பேரென்றும் தெரியாது. ஆனால் அவர்கள் எந்த வழியால் நடப்பார்கள் என்பது தெரியும். கோவில் மதிலுக்கு வெளியே உடைந்து கிடக்கும் கான் மூடிகளை எண்ணிப் பார்க்க, பூசை முடிந்து பத்து நிமிடம் போதும். மாற்றிப் போடுவதற்குச் சபையின் அனுமதி வேண்டும். அதை எழுதிக் கேட்பதற்குப் பங்குச் சபையும், சீமெந்து குழைக்கத் தெரிந்த மேசன்மாரும் ஒவ்வொரு பங்கிலும் இருக்கின்றார்கள்.