பூலுவபட்டியில் பிறந்தவர் எந்த நாட்டவர்?

கோவை சிறுவாணிச் சாலையில் பூலுவபட்டி, ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர், அரச்சலூர் என்று கொங்கு மண்டலத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. அங்கே பிறந்து, ஊர்ஊராகப் போய்ப் பெயிண்ட் அடித்துப் பிழைக்கும் இளைஞர்களில் பலர் இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் சட்டத்தின் பார்வையில் அவர்கள் அந்நியர்கள்.

இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களைத் தமிழ்நாடு கைவிடவில்லை. 2021இல் மாநில அரசு 317 கோடி ரூபாயில் முகாம்களுக்கு நலத்திட்டங்களை அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடையை 1,500 ரூபாயாக உயர்த்தியது. மனமாரப் பாராட்ட வேண்டிய செயல் இது. ஆனால் கொடுப்பவர் மனம் மாறினால் கொடை நின்றுவிடும். உரிமை இருந்தால்தான் அதைத் தட்டிக் கேட்கவாவது முடியும்.

குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை எப்படிப் பிரிக்கிறது என்று பாருங்கள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணை இந்தியக் குடிமகளாக ஏற்று, அவருக்குப் பாஸ்போர்ட் தரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2024இல் அவர் வாக்களித்தார். அவருக்குக் கைகொடுத்தது பிறந்த தேதி. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. 2004 டிசம்பருக்குப் பிறகு அதுவும் போதாது: ஆவணமின்றி வந்தவரை மணந்த கோயமுத்தூர்ப் பெண்ணின் பிள்ளைகூடப் பிறப்பால் இந்தியர் ஆக முடியாது. இதில் குழந்தை செய்த குற்றம் என்ன?

எல்லையைக் காப்பது அரசின் கடமைதான். 140 கோடிப் பேர் வாழும் நாடு எல்லோருக்கும் சத்திரமாக இருக்க முடியாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது, தண்டனை முடித்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில். இனி வருவோரைப் பற்றி அப்படி வாதிடலாம். நாற்பதாண்டுகளாக இங்கேயே வாழ்பவர்களிடம் அந்த வாதம் செல்லாது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தினர் குடியுரிமை பெற 2019இல் சட்டம் வழிவிட்டது. அப்போது இடம் போதாது என்று மத்திய அரசு சொல்லவில்லை. இலங்கை விடுபட்டதற்கு நேர்மையான காரணம் தெரியவில்லை.

2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரை, ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கியது. சிறை அச்சம் நீங்கியது நல்லதே. அதனால் அவர்கள் குடிமக்கள் ஆகிவிடவில்லை.

திரும்பிப் போக விரும்புவோர் போகட்டும். இங்கே பிறந்தவர்களுக்காவது குடியுரிமைச் சட்டத்தைத் திருத்த வேண்டும். கொங்கு மண்டலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் இதை மக்களவையில் எழுப்ப வேண்டும்.