இலைகளைக் கழுவியது யார்?

‘எல்லாரும் சாப்பிட்டாச்சு’ என்று ஒரு பெண் சொல்லும்போது, அந்த ‘எல்லாரு’க்குள் பெரும்பாலும் அவள் இருப்பதில்லை. பழைய இலக்கணத்தில் ‘எல்லாரும்’ என்பது படர்க்கைச் சொல். பேசுகிறவர் அதற்குள் அடங்கமாட்டார். தமிழ் படித்தவர்களே மறந்துபோன இந்த விதியை நம் வீட்டு அடுக்களைகள் இன்றுவரை தவறாமல் கடைப்பிடிக்கின்றன.

கடைசியில் சாப்பிடுவதைப் பெண்ணின் நல்ல குணம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். மேடையில் அம்மாவைப் புகழ வருகிற எவரும் சீக்கிரமே அந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள்: எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு மிச்சம் இருந்தால்தான் அவள் சாப்பிடுவாள். கைத்தட்டல் கிடைக்கும். அந்த நேரத்தில் எனக்கு ஒரு கேள்வி எழும். ‘மாட்டேன்’ என்று சொல்ல வழியில்லாத ஒருத்தி கொடுப்பதைக் கொடை என்று சொல்லலாமா? வேறு வழி இருந்தும் ஒருவர் கடைசியில் சாப்பிட்டால் அது அன்பு. வழியே இல்லாமல் சாப்பிட்டால் அது ஓர் ஏற்பாடு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதே தட்டு, அதே மிச்சக் குழம்பு.

பல வருடங்களாக மனத்தில் கிடந்த இந்தக் கேள்வியை ஒரு மேசைமேல் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு வியட்நாமில் கிடைத்தது.

கல்லூரி விடுமுறையில் நாங்கள் நான்கு ஆசிரியைகள் ஹோ சி மின் நகரத்துக்குப் போயிருந்தோம். சைகோன் என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அரசு வேலைக்கும் பட்டாளத்துக்கும், செட்டிநாட்டிலிருந்து வட்டித்தொழிலுக்கும் போன தமிழர்கள் வாழ்ந்த ஊர். அவர்கள் விட்டுவந்த மாரியம்மன் கோயிலில் இன்று வியட்நாமியப் பெண்கள் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். அங்கிருந்து திரும்பிய குடும்பங்களோடு வந்த வியட்நாமிய மனைவிகளின் கைப்பக்குவம், ‘சாயோ’ என்ற பெயரில் புதுச்சேரி வீடுகளில் இன்னும் எண்ணெயில் பொரிகிறது.

நாங்கள் சாப்பிடப் போனது ஒரு சந்துக்குள் இருந்த குடும்பக் கடை. வீட்டின் கீழ்த்தளமே கடை. வாசலில் மாமியார் நான்கைந்து வாணலிகளை வைத்துக்கொண்டு ‘பான் ஸேயோ’ சுட்டுக்கொண்டிருந்தார். மகன் மேசைகளைப் பார்த்துக்கொண்டார். மருமகள் பின்கட்டில் இருந்தாள். அரிசி மாவில் மஞ்சள்தூளும் தேங்காய்ப்பாலும் கலந்து சுடுகிற, மொறுமொறுப்பான தோசை போன்ற பண்டம் அது. மாவு சூட்டில் விழும்போது எழுகிற சத்தம்தான் ‘ஸேயோ’. நாம் ‘சொய்ங்’ என்று சொல்வதை அவர்கள் பண்டத்துக்குப் பெயராகவே வைத்துவிட்டார்கள். உள்ளே இறால், பன்றி இறைச்சி, முளைகட்டிய பயறு. எங்களில் ஒருத்தி சைவம். அமாவாசை, பௌர்ணமியில் சைவம் சாப்பிடும் வழக்கம் அங்கே பலருக்கு உண்டென்பதால் ‘சாய்’ என்ற ஒரே சொல்லில் வேலை முடிந்தது. அவளுக்குக் காளானும் டோஃபுவும் வைத்துத் தனியாக வந்தது.

கூடவே ஒரு குன்றளவு பச்சை இலைகள். காரமான கடுகுக்கீரை, அடிப்பக்கம் ஊதா நிறத்தில் இருக்கும் தியா தோ, துளசியின் உறவுக்காரி போல ஒன்று, கிள்ளினால் மீன் வாடை அடிக்கும் இன்னொன்று. நடுவில், மீன் சாற்றில் எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய் கலந்த கிண்ணம். பெரிய இலையை உள்ளங்கையில் விரித்து, தோசையைப் பிய்த்து வைத்து, வேண்டிய தழைகளைச் சேர்த்து, சுருட்டி, தொட்டுச் சாப்பிடவேண்டும். தட்டில் பரிமாற எதுவும் இல்லை. ஒவ்வொரு வாயும் அவரவர் கையால் அப்போதைக்கப்போது செய்துகொள்வது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? நால்வரும் சுருட்டி, நால்வரும் அடுத்தவள் தட்டில் வைத்தோம். ‘நீ சாப்பிடு’, ‘முதலில் நீங்க சாப்பிடுங்க அக்கா’, ‘எனக்கு இருக்கு, நீ எடுத்துக்கோ’. தட்டுகள் நிறைந்தன, யார் வாயும் அசையவில்லை. வாணலியருகில் இருந்த அந்த அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். எழுந்து வந்து ஒரு சுருளை எடுத்து என் கையிலேயே வைத்து, என் வாயைக் காட்டினார். உனக்கு. நாற்பது வயதுக்கு மேல் ஒருவர் எனக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுத்தார்.

பிறகு பத்து நிமிடங்களில் நாங்கள் பழகிவிட்டோம். யாரும் யாருக்கும் வைக்கவில்லை. அதனால் அன்பு குறைந்துபோகவும் இல்லை. பேச்சுதான் கூடியது, ஏனென்றால் யாரும் எழுந்து போகவில்லை. நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை நினைத்துப் பார்த்தேன். பாத்திரங்கள் அடுப்படியில், தட்டுகள் கூடத்தில், நடுவில் பதினைந்தடி தூரம். அந்தத் தூரத்தை யாராவது நடக்கவேண்டும். தோசை என்றால் சொல்லவே வேண்டாம், ஒவ்வொன்றாகச் சூடாக வரவேண்டும். நடக்கிறவள் யாரென்று எந்த வீட்டிலும் கூடிப் பேசி முடிவெடுத்ததில்லை. எல்லாவற்றையும் நடுவில் வைத்த உடனே பரிமாறுகிறவள் என்ற வேடமே தேவையில்லாமல் போகிறது. பாத்திரம் இருக்கும் இடத்தை மாற்றினால் மாறிவிடுகிற ஒன்றை, பெண்ணின் இயல்பு என்று எப்படிச் சொல்வது?

இதை வைத்து வியட்நாமைப் பெண்களின் சொர்க்கம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஒரே தட்டைச் சுற்றி உட்காரும் அவர்களுடைய வீடுகளிலும் சோற்றுப் பானைக்குப் பக்கத்து இடம் வழக்கமாக மனைவிக்கோ மருமகளுக்கோ உரியது. எல்லாருடைய கிண்ணத்தையும் நிரப்புவது அவள் பொறுப்பு. வடக்கத்தி கிராமங்களின் விருந்துகளில் ஆண்களின் மேல்பந்தியும், பெண்களும் குழந்தைகளும் உட்காரும் கீழ்ப்பந்தியும் நெடுங்காலம் தனித்தனியாக இருந்தன. 1965இல், அமெரிக்காவோடு போர் நடந்தபோது, வட வியட்நாமின் மகளிர் சங்கம் ‘மூன்று பொறுப்புகள்’ என்றோர் இயக்கத்தைத் தொடங்கியது. போருக்குப் போன ஆண்களுக்குப் பதில் உற்பத்தியைப் பார்ப்பது, குடும்பத்தைப் பார்ப்பது, போருக்குத் துணைநிற்பது. வயலும் ஆலையும் துப்பாக்கியும் பெண் கைக்கு வந்தன. அடுப்பு மட்டும் அந்தக் கையைவிட்டுப் போகவில்லை. புரட்சிகூட அடுப்படி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகாமல் நின்றுவிடுகிறது.

அந்தக் கடையிலும் அந்த வாசல் இருந்தது. கைகழுவப் பின்கட்டுக்குப் போனேன். மருமகள் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து மூன்று பிளாஸ்டிக் தொட்டிகளில் இலைகளை மாற்றி மாற்றி அலசிக்கொண்டிருந்தாள். பச்சையாகச் சாப்பிடுகிற இலை என்பதால் ஒவ்வொன்றையும் பிரித்துக் கழுவவேண்டும். எங்கள் மேசைக்கு மட்டும் மூன்று தட்டு வந்திருந்தது. செல்பேசியின் மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். ‘சி’ என்று என்னை அழைத்தாள். அக்கா என்று பொருள். வியட்நாமிய மொழியில் ‘நான்’, ‘நீ’ என்பதற்குப் பதிலாக அக்கா, தங்கை, பாட்டி என்ற உறவுச் சொற்கள்தான் பெரும்பாலும் புழங்குகின்றன.

“இதெல்லாம் நீதான் கழுவுவாயா?”

“ஆமாம் அக்கா. மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் நாலரை ஆகும். கூட்டம் இருந்தால் மறுபடியும்.”

“எப்போது சாப்பிடுவாய்?”

“கடை சாத்தின பிறகு.”

“உனக்குச் சம்பளம் உண்டா?”

அவள் சிரித்தாள். “நம் குடும்பக் கடைதானே அக்கா.”

அவளை இரக்கத்துக்குரியவளாக ஆக்க எனக்கு உரிமையில்லை. அந்தக் கடையில் அவளுக்குப் பங்கு இருக்கலாம், பெருமையும் இருக்கலாம். வீட்டுப் பணத்தைப் பெண் வைத்துக்கொள்ளும் வழக்கமும் அங்கே உண்டு. மனைவியைப் பெட்டிச் சாவி வைத்திருக்கும் கை என்று சொல்வார்கள். ஆனால் அந்தக் கடையின் கல்லாச் சாவி மாமியாரிடம் இருந்தது. மருமகள் கைக்கு அது வர இன்னும் இருபது வருடம் ஆகலாம். நான் கேட்டது சம்பளத்தைப் பற்றி, அவள் சொன்னது உறவைப் பற்றி. இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிற சொல் ‘குடும்பம்’. நாம் தின்ற அத்தனை இலைகளும் அந்தச் சொல்லுக்குள்தான் கழுவப்பட்டிருந்தன. வாடிக்கையாளர்கள் அங்கே பணியாளரை ‘எம் ஓய்’ என்று கூப்பிடுவார்கள். தம்பி, தங்கச்சி என்பதுபோல. நம் மெஸ்களிலும் ‘அக்கா, இன்னும் கொஞ்சம் சாம்பார்’ என்கிறோம். உறவுச் சொல் மரியாதையைக் கூட்டுகிறது, சந்தேகமில்லை. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவிடாமல் வாயை அடைக்கவும் செய்கிறது. அக்காவிடம் யாராவது கூலி பேசுவார்களா?

இந்த இடத்தில் நம் கணக்கையும் பார்த்துவிடலாம். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண் ஒரு நாளைக்கு அதில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள். ஆண் 97 நிமிடங்கள். அதைவிட முக்கியமான இன்னொரு கணக்கும் உண்டு. அந்த வேலையில் கையே வைக்கிற பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கியபோது அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தது. தொகை சிறியது. ‘உரிமை’ என்ற சொல் பெரியது, ஏனென்றால் வீட்டுக்குள் நடப்பதும் உழைப்புதான் என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. ஆனால் பணம் கொடுத்தால் அந்த வேலையைக் காலத்துக்கும் அவளே செய்யலாம் என்று முடிவாகிவிடக்கூடாது.

சேர்ந்து உண்பது அரசியல் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்பதை எதிர்த்து எழுந்த குரல் இந்த மாநிலத்தின் வரலாற்றையே திருப்பியது. யாரோடு யார் உட்காருவது என்பதை நாம் சமத்துவத்தின் அளவுகோலாக்கினோம். அது சரியான அளவுகோல், இன்றும் தேவையானது. ஆனால் ஒரே வரிசையில் எல்லாச் சாதியும் உட்கார்ந்த பிறகும், உட்காராத ஒருத்தி கையில் வாளியோடு நின்றுகொண்டிருந்தால் அந்தப் பந்தி இன்னும் முடியவில்லை.

எனக்குத் தெரியும், இதைப் படிக்கும் சிலர் இந்நேரம் கோபப்பட்டிருப்பீர்கள். ‘எனக்குப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்ப்பதில் சந்தோஷம் இருக்கிறதே, அதையும் அடிமைத்தனம் என்பீர்களா?’ மாட்டேன். எனக்கும் அந்தச் சந்தோஷம் உண்டு. உருட்டி வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்கு இணையான மொழியை நான் எந்தக் கவிதையிலும் எழுதியதில்லை. வியட்நாமியர்களும் ஒரு நல்ல துண்டை எடுத்து அடுத்தவர் கிண்ணத்தில் வைத்துத்தான் பிரியத்தைச் சொல்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கை திரும்பி வருகிறதா? ஊட்டிய கைக்கு என்றைக்காவது யாராவது ஊட்டுகிறார்களா? காய்ச்சலில் அவள் படுத்திருக்கும் நாளில் ரசம் வைக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் யார்? பிரியம் இரண்டு பக்கமும் போகும். ஒரே பக்கமாக நாற்பது வருடம் போய்க்கொண்டிருப்பதற்கு வேறு பெயர் தேடவேண்டும்.

முதுகலை வகுப்பில் குறுந்தொகையின் 167ஆம் பாட்டை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். புதிதாக மணமானவள் தன் விரல்களால் தயிரைப் பிசைகிறாள், அந்தக் கையைப் புடவையிலேயே துடைத்துக்கொள்கிறாள், தாளிக்கும் புகை கண்ணில் படிகிறது. கணவன் சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்கிறான். அவள் முகத்தில் மெல்லிய மகிழ்ச்சி. இல்லறத்தின் இனிமைக்கு எடுத்துக்காட்டாகத்தான் உரைகள் இதைச் சொல்லிவந்திருக்கின்றன. நானும் ரசித்துத்தான் நடத்துவேன். சங்கப் பாட்டு ஒன்று சமையலில் அழுக்கான புடவையைப் பார்த்திருக்கிறதே என்று இன்றும் வியப்பேன்.

ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அவ சாப்பிட்டாளா மேடம்?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து வீட்டில் ஆறு பேருக்குச் சமைத்துவிட்டு, பேருந்தைப் பிடித்து முதல் மணிக்கு வந்து உட்காருகிற பெண். பாட்டில் அதற்கு விடை இல்லை என்றேன். இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். இப்போதெல்லாம் அந்தப் பாட்டை நடத்தி முடித்ததும் அவளுடைய கேள்வியை நானே பலகையில் எழுதிவிடுகிறேன். அடுத்த நாள் வரும்போது ஒவ்வொருவரும், ஆண் பிள்ளைகளும் சேர்த்துத்தான், முந்தைய இரவு தங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார், அந்தத் தட்டைக் கழுவியது யார் என்று இரண்டு வரி எழுதி வரவேண்டும். மதிப்பெண் கிடையாது. ஆனால் எழுதாமல் யாரும் வருவதில்லை.